கழங்கு உருண்டால் கதை பிறக்கும்!

குறி பார்த்த விதையே விளையாட்டுக் காயாகவும் இருந்தது - தகடூர் மண்ணின் பழைய வழக்கங்களைக் கொண்டு வீட்டிலேயே ஒரு வீரக்கதை ஆடலாம்

மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவில் தூங்குவதில்லை. உடம்பு மெலிந்து, கைவளை தானாகக் கழன்று விழுகிறது. தாய்க்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேலனுக்கு ஆள் அனுப்பினாள்.

வேலன் என்பவன் முருகனுக்குப் பூசை செய்பவன். அவன் வந்தான். வீட்டு முற்றத்தில் புதுமணல் பரப்பினார்கள். அவன் கழங்குகளை எடுத்து உருட்டினான். உற்றுப் பார்த்தான். "இது முருகனால் வந்த நோய்" என்று சொல்லிவிட்டான். ஆடு வெட்டப்பட்டது. தினை தூவப்பட்டது. வேலன் வெறியாட்டு ஆடினான்.

உண்மை என்ன தெரியுமா? அந்தப் பெண்ணுக்கு நோயே இல்லை! மலைநாட்டு வாலிபன் ஒருவனிடம் அவள் மனதைப் பறிகொடுத்திருந்தாள். தோழிக்கு அது தெரியும். தாய்க்குத் தெரியாது. கழங்குக்கும் தெரியாது.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு பிறந்த சங்கப் பாடல்களில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே பத்துப் பாட்டுகள் பாடியிருக்கிறார். 'வெறிப்பத்து' என்று அதற்குப் பெயர்.

ஒரே விதை, இரண்டு வேலை

கழங்கு என்பது கழற்சிக்காயின் விதை. முள் நிறைந்த காய்க்குள் சாம்பல் நிறத்தில், கோலிக்குண்டு போலக் கெட்டியாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது.

இந்த விதைக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. வேலன் கையில் அது குறி சொன்னது. சிறு பெண்களின் கையிலோ அது விளையாட்டுக் காய்! ஆன்பொருநை ஆற்று மணலில் பெண்கள் பொன்னால் செய்த கழங்கை வைத்து விளையாடியதைப் புறநானூறு சொல்கிறது. இன்று அஞ்சாங்கல், சொட்டாங்கல், கல்லாங்காய் என்று ஊருக்கு ஒரு பெயரில் ஆடுகிறோமே, அந்த விளையாட்டுக்கு இதை மூத்த அக்காள் என்று சொல்லலாம்.

ஒரே விதை. ஒரு கையில் பயம். இன்னொரு கையில் சிரிப்பு.

கழங்கைப் போலவே இன்னொரு குறியும் இருந்தது. அதற்குக் 'கட்டு' என்று பெயர். தொல்காப்பியம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. முறத்தில் நெல்லைப் பரப்பி, நான்கு நான்காக எண்ணிக் கழிப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒன்று, இரண்டு அல்லது மூன்று நெல்லானால் முருகனால் வந்த நோய். நான்கு மிஞ்சினால் வேறு நோய். பழைய உரைகள் தரும் விளக்கம் இது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடைகளில் மூன்று விடைகள் முருகன் பக்கமே சாய்கின்றன! பெண்ணைக் கேட்காமல் நெல்லைக் கேட்டால் இப்படித்தான்.

ஔவையார் காட்டிய வழி

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்த வள்ளல் அவன். விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே உள்ள திருக்கோவலூர்ப் பக்கம், ஜம்பை என்ற ஊரின் குகையில் அவன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981-ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது.

ஔவையார் பாடிய பாட்டு ஒன்று குறுந்தொகையில் 23-வது பாட்டாக இருக்கிறது. அதிலும் குறி கேட்கும் காட்சிதான். ஆனால் முடிவு வேறு.

குறி சொல்ல ஒரு கிழவி வந்திருக்கிறாள். 'அகவன் மகள்' என்று அவளுக்குப் பெயர். சங்குமணி கோத்தது போல நரைத்த நீண்ட கூந்தல். அவள் ஒவ்வொரு மலையாகப் பெயர் சொல்லிப் பாடுகிறாள். ஒரு மலையின் பெயர் வந்ததும் தோழி குறுக்கிடுகிறாள். 'அவருடைய மலையைப் பற்றிப் பாடினீர்களே, அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுங்கள்' என்கிறாள்.

அவ்வளவுதான்! 'அவர்' யார்? எந்த மலைக்காரர்? தாயின் காதில் அந்தச் சொல் விழுகிறது. மூடி வைத்த விஷயம் வெளியே வந்துவிட்டது.

குறி உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை. பேச முடியாத ஒரு வீட்டில் பேச ஒரு வாசல் திறந்தது. உண்மையைச் சொன்னது மனித வாய்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் விளையாட்டுக்கு இதுதான் அடிப்படை.

அமெரிக்காவில் பிறந்த கதை விளையாட்டு

1974-ம் ஆண்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ஒரு புதிய விளையாட்டை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நிலவறைகளும் தீக்கக்கும் நாகங்களும் என்று பொருள்.

இதற்குக் கட்டம் போட்ட பலகை கட்டாயம் இல்லை. ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. நாலைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வீரன். ஒருவர் மந்திரக்காரி. ஒருவர் திருடன். "எதிரே ஆழமான பள்ளம். என்ன செய்வீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். "நான் தாண்டுவேன்" என்பான் வீரன். தாண்டினானா, விழுந்தானா? அதைப் பகடை சொல்லும். 20 முகம் கொண்ட பகடை இதற்கு முக்கியம்.

இந்த விளையாட்டிலும் குறி கேட்கும் மந்திரம் ஒன்று இருக்கிறது. அதற்கு விடை நான்கு வகை. நன்மை, தீமை, இரண்டும், இரண்டும் இல்லை. முறத்தில் நெல்லை நான்காக எண்ணியது நினைவுக்கு வருகிறது அல்லவா?

பிறகு இதைப் போலப் பல விளையாட்டுகள் வந்தன. 1995-ம் ஆண்டு வந்த 'எவர்வே' என்ற விளையாட்டில் பகடையே கிடையாது. குறி பார்க்கும் சீட்டுகளைப் போலப் படம் போட்ட சீட்டுக்கட்டு ஒன்றைப் புரட்டி, அந்தப் படத்துக்குப் பொருள் சொல்லிக் கதையை நகர்த்துவார்கள். அதற்கும் முன்பே, பிலிப் கே. டிக் என்ற அமெரிக்க எழுத்தாளர், 1962-ம் ஆண்டு வெளியான தம் நாவலை எழுதும்போது, சீனர்களின் 'இ சிங்' என்ற பழைய குறிநூலைக் கேட்டுக் கேட்டுக் கதைப்போக்கை முடிவு செய்தார்.

பகடையும் குறியும் உடன்பிறப்பு

விளையாட்டும் குறியும் கலந்தது தமிழ்நாட்டில் மட்டும் அல்ல.

எகிப்து நாட்டில் 20 முகம் கொண்ட பழங்காலக் கல் பகடைகள் கிடைத்திருக்கின்றன. கிரேக்க எழுத்துகள் பொறித்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு எகிப்துப் பகடையில் முகத்துக்கு ஒரு தெய்வத்தின் பெயர்! எந்தத் தெய்வத்தை வேண்டுவது என்று கேட்க அதை உருட்டியிருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து.

துருக்கியின் தென்பகுதியில், ரோமானியர் ஆட்சிக் காலத்துக் கல்தூண்கள் இருக்கின்றன. ஆட்டின் கணுக்கால் எலும்புகள் ஐந்தை உருட்ட வேண்டும். மொத்தம் 56 வகையாக அவை விழலாம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பதில் அந்தத் தூணில் வெட்டப்பட்டிருக்கிறது. 'புறப்படு', 'பொறுத்திரு' என்பது போன்ற பதில்கள். அதே எலும்பு குழந்தைகளின் விளையாட்டுக் காயும் ஆகும்!

நம் நாட்டுச் சாத்திரத்திலும் இது உண்டு. மத்திய ஆசியாவில் கூச்சா என்ற ஊரில், 1890-ம் ஆண்டு பவர் என்ற ஆங்கிலப் படை அதிகாரியிடம் ஒரு பழைய சமஸ்கிருத ஏடு வந்து சேர்ந்தது. பெரும்பகுதி வைத்தியம். அதோடு பகடை உருட்டிக் குறி பார்க்கும் பகுதிகள் இரண்டும் இருந்தன.

தருமபுரிப் பக்கத்துக் குறிகள்

மேற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் பல குறிகள் வழக்கத்தில் இருக்கின்றன. தருமபுரிக்காரர்களுக்கு இவை புதிதல்ல.

பூக் கேட்டல் ஒன்று. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாக மடித்துச் சாமி முன் வைப்பார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வந்த நிறத்தைப் பார்த்துச் சம்மதமா இல்லையா என்று முடிவு செய்வார்கள். சாமி மேல் வைத்த பூ வலப்பக்கம் விழுகிறதா, இடப்பக்கம் விழுகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

ஆட்டின் மேல் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பது இன்னொன்று. ஆடு உடம்பைச் சிலிர்த்தால் சாமி சம்மதித்தது என்று பொருள். சிலிர்க்கும் வரை ஊரே காத்து நிற்கும்.

பல்லி சொல்வது எல்லா வீட்டிலும் தெரிந்ததே. உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடங்கியும், விடியற்காலையில் வரும் குடுகுடுப்பைக்காரரும் எல்லாரும் அறிந்தவர்கள்.

சங்க காலத்து வழக்கம் ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. அதற்கு 'விரிச்சி கேட்டல்' என்று பெயர். நல்ல சொல் காதில் விழுகிறதா என்று காத்திருப்பது அது. போருக்குப் போன அரசன் திரும்புவானா? முதிய பெண்கள் ஊர்ப்புறம் போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைகூப்பி நிற்கிறார்கள். அங்கே ஆயர் மகள் ஒருத்தி பசித்த கன்றைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். 'உன் தாய் இப்போதே வந்துவிடுவாள்' என்கிறாள். அதையே நல்ல சொல்லாக எடுத்துக்கொண்டு முதிய பெண்கள் வீடு திரும்புகிறார்கள். இது முல்லைப்பாட்டில் வரும் காட்சி.

வாருங்கள், ஆடிப் பார்ப்போம்!

இந்தக் குறிகளை எல்லாம் வைத்து, அமெரிக்க விளையாட்டின் முறையில், தகடூர்க் கதை ஒன்று ஆடலாம். விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

தேவையானவை: நான்கு புளியங்கொட்டை, ஒரு பிடி நெல் அல்லது பயறு, வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று.

தாயம் ஆடுவதற்குச் செய்வது போல, புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். நான்கையும் ஒன்றாகப் போடுங்கள். எத்தனை வெள்ளை மேலே வருகிறது என்று பாருங்கள்.

நான்கும் வெள்ளை: அதிசய வெற்றி.

மூன்று வெள்ளை: நினைத்தது நடந்தது.

இரண்டு வெள்ளை: நடந்தது, ஆனால் ஒரு நஷ்டம்.

ஒன்று வெள்ளை: நடக்கவில்லை, ஆனால் ஒரு சங்கதி தெரிந்தது.

ஒன்றும் இல்லை: பெரிய ஆபத்து!

நான்கு கொட்டைகள் விழக்கூடிய வகை மொத்தம் 16. அதில் நான்கும் வெள்ளையாக வருவது ஒரே ஒரு வகை. ஒன்றும் இல்லாமல் போவதும் ஒரே வகை. இரண்டு வெள்ளை வருவது ஆறு வகை. அதாவது பாதி லாபம், பாதி நஷ்டம் என்பதே அடிக்கடி வரும். வாழ்க்கையும் அப்படித்தானே? 20 முகப் பகடையில் எல்லா எண்ணும் ஒரே அளவில் வரும். புளியங்கொட்டையில் அதிசயம் அபூர்வமாகவே வரும். அதனால் வரும்போது வீடே கைதட்டும்.

கதை இதுதான். தகடூர் மன்னன் அவையில் முதிய புலவர் ஒருவர் நோயாகப் படுத்திருக்கிறார். மலை உச்சியில், பாறை வெடிப்பில் ஒரு நெல்லி மரம். அதில் ஒரே ஒரு கனி. அதைக் கொண்டுவர வேண்டும்.

ஒரு வீட்டில் நான்கு பேர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஆயா கதைசொல்லி. அப்பா முரசுக்காரர். அக்கா விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண். தம்பி மலைக் குறவன்.

"வத்தல்மலை அடிவாரத்துக்கு வந்துட்டீங்க. எதுக்கால செங்குத்துப் பாறை" என்கிறார் ஆயா.

"நான் ஏறறேன், ஆயா!" என்று தம்பி கொட்டையைப் போடுகிறான். இரண்டு வெள்ளை.

"ஏறிட்டே. ஆனா ஒரு நஷ்டம். என்ன நஷ்டம்னு நீயே சொல்லு, சாமி."

தம்பி யோசிக்கிறான். "வில்லு கீழே விழுந்துடுச்சு. அது எங்க தாத்தா குடுத்த வில்லு" என்கிறான்.

பாருங்கள்! கொட்டை சொன்னது 'நஷ்டம்' என்ற ஒரு சொல் மட்டும். வில்லையும் தாத்தாவையும் கொண்டுவந்தவன் தம்பி.

அடுத்து விரிச்சி. "ராத்திரியிலே மலை ஏறலாமா?" என்று சந்தேகம். அக்கா வாசலுக்குப் போய் நிற்கிறாள். தெருவில் முதலில் காதில் விழும் பேச்சுதான் குறி. யாரோ ஒருவர், "கொஞ்சம் பொறுங்க, சில்லறை மாத்திக்கிட்டு வர்றேன்" என்கிறார்.

"பொறுக்கச் சொல்லிட்டாங்க. விடிஞ்சப்புறம் போகலாம்" என்கிறாள் அக்கா.

"இல்லே அக்கா! சில்லறைன்னாங்களே. வழியிலே யாரோ சுங்கம் கேக்கப் போறாங்க!" என்கிறான் தம்பி.

"ரெண்டும் சரி" என்று சிரிக்கிறார் ஆயா. விடியும் வரை காத்திருந்தார்கள். விடிந்ததும் சுங்கக்காரன் வந்து நின்றான்!

தெருவில் போனவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. ஆனாலும் கதை வளர்ந்துவிட்டது.

இப்போது நெல். மலையில் ஏதோ ஒன்று பின்தொடர்கிறது. அது யார்? அப்பா ஒரு பிடி நெல்லை எடுத்து நான்கு நான்காகக் கழிக்கிறார். ஒன்று மிஞ்சினால் விலங்கு. இரண்டு மிஞ்சினால் பகைவன். மூன்று மிஞ்சினால் உதவிக்கு வந்தவன். மிச்சமே இல்லாவிட்டால் வெறும் பயம். "மிச்சமே இல்லேம்மா!" என்கிறார் அப்பா. பின்னால் யாரும் இல்லை. முரசுக்காரர் தம் காலடி ஓசைக்கே பயந்திருக்கிறார். வீட்டில் ஒரே சிரிப்பு.

பல்லிக்கும் இடம் உண்டு. ஆட்டத்தின் நடுவே வீட்டுப் பல்லி நிஜமாகவே சத்தம் போட்டால், அப்போது யார் முறையோ அவர் மறுமுறை கொட்டை போடலாம். பல்லியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதுதான் வேடிக்கை.

காட்டில் முரட்டு ஆடு வழிமறித்தால், வீட்டில் உள்ள கடைக்குட்டியை ஆடாக உட்கார வைக்கலாம். தொடக்கூடாது. பேச்சாலும் கோணங்கியாலும் சிரிக்க வைக்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் சிரித்தால் ஆடு சிலிர்த்த மாதிரி. வழி விட்டது!

பூவுக்கு மட்டும் கடுமையான விதி. ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைதான் பூக் கேட்கலாம். கனி கிடைத்துவிட்டது என்று வையுங்கள். திரும்பும் வழியில் காய்ச்சலில் துடிக்கும் குழந்தை ஒன்று கிடக்கிறது. கனியைக் குழந்தைக்குக் கொடுப்பதா? புலவருக்குக் கொண்டுபோவதா? பூவைத் தொடுவதற்கு முன்னால், ஆடும் எல்லாரும் தங்கள் கருத்தைச் சொல்லியாக வேண்டும். சிறியவர் முதலில் சொல்ல வேண்டும். பெரியவர் கடைசியில் சொல்ல வேண்டும்.

பேசிக்கொண்டே போகும்போது எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டால்? பூவை அப்படியே வைத்துவிடலாம். அதற்கு இனி வேலை இல்லை!

பகடை பேசியது, பெரியவர்கள் பேசவில்லை

பகடையின் ஆபத்தைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்கள் நன்றாக அறியும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் தெருக்கூத்து. சூதாட்டமும் துகிலுரிதலும் நடக்கும் இரவில் பெண்கள் கண்ணீர் விட்டு அழுவார்கள்.

தருமர் நாட்டை வைத்துத் தோற்றார். தம்பிகளை வைத்துத் தோற்றார். தன்னையே தோற்றார். மனைவியையும் தோற்றார். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவள் நியாயம் கேட்டாள். பீஷ்மரும் துரோணரும் அங்கேதான் இருந்தார்கள். பகடை பேசியது. பெரியவர்கள் பேசவில்லை!

விளையாட்டுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கதையில் குறவன் பாறையிலிருந்து விழுந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு குறவன் வருவான். வாழ்க்கையில் அப்படி இல்லை.

குழந்தைத் திருமணத்தைத் தடுக்க அதிகாரிகள் இன்றும் பாடுபட வேண்டியிருக்கும் மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. பெண்ணுக்கு 18 வயது நிறையாமல் கல்யாணம் செய்வது 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சோதிடரைக் கேட்கிறார்கள். பூக் கேட்கிறார்கள். சம்பந்தி வீட்டாரைக் கேட்கிறார்கள். பெண்ணைக் கேட்டார்களா? 'எனக்கு இன்னும் படிக்க வேண்டும்' என்று சொல்ல அவளுக்கு ஒரு வாசல் திறந்ததா? அப்படிப்பட்ட ஆபத்தில் இருக்கும் குழந்தைக்காக 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது.

காய்ச்சலுக்கு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பாம்புக் கடிக்கும் அப்படியே. அங்கே புளியங்கொட்டைக்கு வேலை இல்லை.

மூன்று எச்சரிக்கைகள்

விளையாடுகிறவர்கள் மூன்றை மறக்கக் கூடாது.

முதலாவது, காசு வைத்து ஆடக்கூடாது. காசு வந்தால் கதை போய்விடும்.

இரண்டாவது, வீட்டு விஷயத்தைக் கேட்கக் கூடாது. 'அக்காவுக்குக் கல்யாணம் ஆகுமா? தம்பி பரீட்சையில் தேறுவானா?' என்று கேட்டால் விளையாட்டு அங்கேயே நிற்க வேண்டும். கேள்வி எல்லாம் கதையில் வரும் ஆட்களைப் பற்றியே இருக்கட்டும்.

மூன்றாவது, யாருடைய சாமியையும் கேலி செய்யக் கூடாது. ஊர்க் கோயிலில் பூக் கேட்பவர்களுக்கு அது பக்தி. அங்கே போய் விளையாடக் கூடாது. உங்கள் கதையில் வரும் தெய்வத்துக்கு நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டால் ஒரு நன்மை நிச்சயம். ஆயாவுக்குத் தெரிந்த குறிகள் பேரனுக்குத் தெரியாது. 'அந்தக் காலத்தில் எப்படிப் பார்ப்பார்கள், ஆயா?' என்று அவன் கேட்பான். அவர் சொல்வார். அந்தக் குறிகளை நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மறந்துபோக வேண்டும் என்றும் இல்லை. பயத்தைக் கழித்துவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரண நாளில் வாய் திறக்காத பிள்ளை, விறலியாகவோ குறவனாகவோ மாறினால் பேசும். 'குழந்தைக்குத்தான் கனியைக் கொடுக்க வேண்டும்' என்று அடித்துச் சொல்லும். ஏன் என்று கேளுங்கள். நின்று கேளுங்கள். வீட்டில் வேறு விஷயங்களையும் பேசலாம் என்ற தைரியம் அதற்கு அப்போதுதான் வரும்.

குழம்புக்குப் புளி கரைக்கும்போது கொட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நான்கைக் கழுவி, நிழலில் காயவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் வாசற்படிக் கல்லில் ஒரு பக்கம் தேய்க்கச் சொல்லிக் கடைக்குட்டியிடம் கொடுங்கள். தேய்த்து முடிப்பதற்குள் கதை தொடங்கிவிடும்!